மீன் வெட்டும் கைகளையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன் வயிற்றில் புழு நெளிகிற வீடியோ ஒன்று செல்போன்களில் சுற்றுவதையும், அதனால் மார்க்கெட்டில் வியாபாரம் படுத்துவிட்டதையும் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி போட்டிருந்தீர்கள். செய்தியின் கடைசியில், நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை என்று இரண்டு வரி. அது சரிதான், சாப்பிடுகிறவர்களுக்குச் சரி. அந்த மீனைப் பிளந்து கையை விட்டுக் குடலை உருவி எடுக்கிற பெண்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தூத்துக்குடியில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில் மீன் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, செக்கிங் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். எங்களுக்குப் புழு ஒன்றும் அதிசயமில்லை. அதைத் தேடுவதற்கென்றே ஒரு மேஜை உண்டு. மேலே வெள்ளைப் பலகை, அடியில் ட்யூப்லைட். தோல் உரித்த சதைத்துண்டை அதன்மேல் வைத்தால் வெளிச்சம் சதைக்குள் ஊடுருவி வரும். புழு இருந்தால் அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்துவிடுவோம். அதிகமாக இருந்தால் துண்டையே கழித்துவிடுவோம். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கில் கண்ணுக்குத் தெரிகிற புழு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அங்கே அது சட்டம்.

அந்த வீடியோவை என் பேரன் காட்டினான். அதில் இருப்பது களவா மீனின் சினைக்குள் இருக்கும் சிவப்புப் புழு. பிலோமெட்ரா என்று பெயர். ரத்தச் சிவப்பில், விரல் நீளத்துக்கும் மேலே, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். பார்த்தால் குமட்டும், ஆனால் சாப்பிடுகிறவரை அது ஒன்றும் செய்யாது. சினையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சதையைக் குழம்பு வைக்கலாம். வீடியோ எடுக்கிறவர் கேமராவில் எது நன்றாக விழுமோ அதைத்தானே எடுப்பார்! ஊரே தப்பான புழுவுக்குப் பயந்து களவாவை விட்டுவிட்டு, கோழிக்கடைக்குப் போய்விட்டது.

கவனிக்க வேண்டிய புழு வேறு. அனிசாகிஸ் என்பார்கள். வெளுத்த நிறம், நீட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர். சாவாளை மீனின் வயிற்றைக் கீறினால் ஈரலின் மேலும் குடலைச் சுற்றியும் குட்டிக் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பதறாமல் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரியும். அதன் உண்மையான வீடு திமிங்கிலம், டால்பின் இவற்றின் இரைப்பை. அங்கே முட்டையிட்டு, முட்டை கழிவோடு கடலில் கலந்து, பொரித்த குஞ்சைக் கூனி போன்ற சிற்றுயிர் தின்று, அதை மீனும் கணவாயும் தின்று, கடைசியில் மறுபடி டால்பின் வயிற்றுக்கே போய்ச் சேர வேண்டும். நடுவில் நாம் மீனைப் பிடித்துவிடுகிறோம். மனித வயிற்றில் அதனால் வளர முடியாது. ஆனால் உயிரோடு உள்ளே போனால் சும்மாவும் இருக்காது, இரைப்பைச் சுவரில் தலையைக் குத்தி நுழையப் பார்க்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள வேண்டியதுதான். எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுப் புழுவை எடுத்தால் வலி அடங்கும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். லேசாக உப்பு போட்ட பச்சை ஹெர்ரிங் மீன் அவர்களுக்கு உயிர். வயிற்று வலியோடு வந்தவர்களின் குடலில் இந்தப் புழு இருப்பதை வான் தீல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1960-ல் எழுதினார்கள். 1968-ல் அங்கே சட்டமே வந்தது: ஹெர்ரிங்கை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைத்த பிறகுதான் விற்க வேண்டும். பச்சை மீன் சாப்பிடுகிற ஜப்பானிலும், நெத்திலி இனத்து மீனை வினிகரில் ஊறவைத்துத் தின்கிற ஸ்பெயினிலும் இன்றைக்கும் இது பெரிய தொல்லை. வினிகரும் எலுமிச்சைச் சாறும் புழுவைச் சாகடிக்காது.

நம் வீட்டுக் குழம்பில் அந்தக் கவலை இல்லை. மீனின் நடுப்பகுதி 60 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் இருந்தால் போதும், புழு செத்துவிடும். குழம்பு கொதிப்பதோ நூறு டிகிரியில். தடிமனான சீலாத் துண்டை வெளியே கருக்கி, முள்ளோரம் சிவப்பாகவே விட்டுவிடுகிற தவா வறுவலில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சென்னையில் பச்சை மீனை அரிசியோடு உருட்டித் தருகிற உணவகங்களுக்குப் போகும் பிள்ளைகள், எத்தனை டிகிரியில் எத்தனை நாள் உறைய வைத்த மீன் என்று கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. அமெரிக்காவில் சொல்லும் கணக்கு மைனஸ் 20-ல் ஏழு நாள். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டை நம்பி யாரும் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம், பல வீடுகளில் அது அவ்வளவு குளிரை எட்டுவதே இல்லை.

இனி, செய்தியில் விடுபட்ட விஷயத்துக்கு வருகிறேன். புழு செத்துவிட்டால் வயிற்றைக் குத்தாது. ஆனால் அதன் உடம்பில் இருக்கும் புரதங்கள் எங்கும் போய்விடுவதில்லை. அவற்றில் சில கொதிக்கிற சூட்டையும் தாங்கும், வயிற்றுச் செரிமான நீரையும் தாங்கும். ஜப்பானில் கானாங்கெளுத்தி இனத்து மீன் சாப்பிட்டுத் தடிப்பு வந்தவர்களைச் சோதித்துவிட்டு, இவர்களில் பலருக்கு ஒவ்வாமை மீன்மேல் இல்லை, மீனுக்குள் இருந்த அனிசாகிஸ்மேல்தான் என்று 1990-ல் எழுதினார்கள். ஸ்பெயினில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களே இருக்கிறார்கள். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு இந்த ஒவ்வாமை தொடங்குவதற்குப் பெரும்பாலும் உயிருள்ள புழு உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் பலரின் கருத்து. ஸ்பெயின் நோயாளிகளிலும் பலர், நன்கு உறைய வைத்த மீனைப் பிறகு தொந்தரவில்லாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அதனால் மீனைக் குழம்பாகவும் வறுவலாகவும் தின்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து குறைவு.

ஆனால் வாய் ஒன்றுதான் வழியா? தென்னாப்பிரிக்காவில் இரண்டு மீன் தொழிற்சாலைகளில் 578 தொழிலாளர்களைச் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மீனுக்கு எதிரான ஒவ்வாமைத் தன்மை சோதனையில் தெரிந்தவர்கள் 6 சதவீதம். அனிசாகிஸுக்கு எதிராக இருந்தவர்கள் 8 சதவீதம். அதாவது மீனைவிடப் புழுவுக்கு எதிராகத்தான் அதிகம் பேரின் உடம்பு தயாராக நின்றது. மூச்சுக்குழல் சுருங்குவதும், தோல் அழற்சியும் அந்தப் புழு ஒவ்வாமையோடு சேர்ந்தே காணப்பட்டன. வேலையில் கை பட்டும், தெறிக்கிற நீர்த்துளியை மூச்சில் இழுத்தும் இது வரலாம்.

இதைப் படித்தபோது என் செட்டில் வேலை பார்த்த ஒரு அக்காதான் நினைவுக்கு வந்தார். சாவாளை லோடு வந்த நாளில் முதல் கூடை முடிவதற்குள் அவருக்குக் கண்ணில் நீர் கொட்டும். கையுறையின் வாய் முடிகிற மணிக்கட்டில் வளையம் போட்டது மாதிரி ஒரே சிவப்புத் தடிப்பு. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது மூச்சு விசிலடிக்கும். டாக்டர், ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு களிம்பும், இருமலுக்கு ஒரு மருந்தும் கொடுத்தார். இருக்கலாம். ஐஸ், க்ளோரின் தண்ணீர், ரப்பர் கையுறை எல்லாமே தோலைப் பதம் பார்க்கக்கூடியவைதான். ஆனால் இறால் உரிக்கிற நாட்களில் அவருக்கு அவ்வளவு இல்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது சுத்தமாக இல்லை. படகுகள் மறுபடி கடலுக்குப் போய் லோடு வர ஆரம்பித்தால் அதே வாரம் இரைப்பு வந்துவிடும். இந்தக் கணக்கை அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் வேலையை விட்டுவிட்டு இட்லிக்கடை போட்டார். அவருக்கு இருந்தது புழு ஒவ்வாமைதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்? சோதிக்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அனிசாகிஸுக்கு என்றே ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. இந்தப் புழுவின் ஒரு புரதம் இறாலிலும், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியிலும் இருப்பதற்கு நெருங்கிய சொந்தம். அதனால் இறால் ஒவ்வாமை உள்ளவருக்கும் 'இருக்கிறது' என்றே முடிவு வரலாம். ஆகவே பரிசோதனைத் தாளோடு சேர்த்து ஆளையும் கேட்க வேண்டும்: என்ன வேலை, எந்த மீன், எந்த மாதம், சாப்பிட்டால் வருகிறதா, வெட்டினால் வருகிறதா?

சாப்பிட்டு அரிப்பு வந்தவர்களிடமும் இதே விசாரணை தேவை. சூரையோ சாளையோ கானாங்கெளுத்தியோ ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். இது ஒவ்வாமையே இல்லை, கெட்ட மீன், அவ்வளவுதான். இன்னொருவருக்கு மீனின் புரதமே ஆகாது. மூன்றாமவருக்குப் புழு. மூன்று பேரும் போய் நின்றால் ஒரே ஊசி, 'இனி மீன் தொடாதே' என்று ஒரே உத்தரவு. கடற்கரை ஊரில் ஒருவரை ஆயுளுக்கும் மீன் தின்னாதே என்று சொல்வது சின்ன விஷயமா? ஒரு முறை மூச்சு அடைத்து விழுந்தவர் விஷயம் வேறு, அவர் காரணம் தெரியும்வரை மீனைத் தொடக் கூடாது. உடனே அட்ரினலின் ஊசி கிடைக்கிற இடத்துக்கு அவரைக் கொண்டு போக வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மீன் செத்த பிறகு, அதுவும் சூடு ஏறினால், குடலில் இருக்கும் புழு சதைக்குள் நகரும். முதலில் போவது வயிற்றோரத்துச் சதைக்குத்தான். முழு மீனை வாங்கிப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் சுற்றாமல், வாங்கிய இடத்திலேயே குடலை எடுக்கச் சொல்லுங்கள். பெரிய மீனென்றால் மெல்லிய வயிற்று மடலையும் வெட்டிப் போடச் சொல்லுங்கள். நெய் அங்கேதான் இருக்கிறது என்று என் வீட்டிலேயே சண்டை வரும், தெரியும்.

வெட்டித் தருகிற அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றும் அப்போது பார்த்துவிடுங்கள். நான் மீன் வாங்கும் மார்க்கெட்டில் ஒரு மரக்கட்டை, அரிவாள்மனை, ஒரே வாளித் தண்ணீர். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மதியம்வரை அதே தண்ணீரில்தான் கை. குடலெல்லாம் காலடியில். வெளிச்சம் அடுத்த கடையின் பல்பிலிருந்து வருவது. மதியம் குழாயை வேகமாகப் பீய்ச்சித் தரையைக் கழுவுவார்கள். குடலும் செதிலும் சேர்ந்து புகையாக எழும்பி முகத்தில் அடிக்கும். அப்படிப் பீய்ச்சுவதுதான் ஒவ்வாமைப் பொருளைக் காற்றில் ஏற்றுகிற வேலை. குடலை மூடியுள்ள வாளியில் முதலில் அள்ளிவிட்டு, அப்புறம் மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாதித் தொல்லை அப்போதே குறையும். இதற்குக் கோடி ரூபாய்த் திட்டம் வேண்டாம். ஓடுகிற தண்ணீர், இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, கிழியாத கையுறை போதும். கம்பெனிகளில் கையுறை தருகிறார்கள், ஆனால் விரல் நுனியில் ஓட்டை விழுந்த கையுறைக்குள் மீன் தண்ணீர் தேங்கி நாள் முழுக்க ஊறுவது கையுறையே போடாததைவிட மோசம். மாற்றுக் கையுறை கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

மீன்வளத் துறைக்கும் மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிவதற்கு முன் மீன் வெட்டும் பெண்களுக்கு ஒரு முகாம் நடத்தி மூச்சு ஊதும் சோதனையும் தோல் சோதனையும் செய்யுங்கள். படகு கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆனபின் அதே பெண்களுக்கு இன்னொரு முறை செய்யுங்கள். வித்தியாசம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தால் செலவும் கையைக் கடிக்காது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: முகாமைக் காலை பத்து மணிக்கு வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள், அது வெட்டு மும்முரமாக நடக்கிற நேரம். மாலை நான்கு மணிக்கு மேல், மார்க்கெட்டுக்கு உள்ளேயே வையுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
தூத்துக்குடி.