கூரை கிளெய்ம் விஷயமாக

அன்பு கயலுக்கு,

போனில் சொன்னால் பாதியை நீ மறந்துவிடுவாய், மீதியை மாப்பிள்ளையிடம் மாற்றிச் சொல்வாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன். அவரையும் படிக்கச் சொல்.

ஆலங்கட்டி மழை விட்ட மறுநாளே ரூஃபர்கள் கதவைத் தட்டுகிறார்கள் என்றாய். ஃபிரிஸ்கோ என்ன, எங்கள் ஹூஸ்டன் என்ன, எல்லா இடத்திலும் இதே கதைதான். டெக்சஸில் கூரை போடுகிறவருக்கு மாநில லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. டிரக்கும் ஏணியும் இருந்தால் போதும். எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. நம் வீட்டுக்குப் போட்டவர் தங்கமான மனுஷர். ஆனால் "இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து" என்று டேப்லெட்டை நீட்டினால் போட்டுவிடாதே. இன்சூரன்ஸ் கிளெய்ம் பாஸானால் வேலையை அவர்களுக்கே தருகிறேன் என்ற ஒப்பந்தமாக அது இருக்கக்கூடும்.

"டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றாராமே ஒருவர், அவரை முதலில் கழற்றிவிடு. டிடக்டிபிள் என்றால் கிளெய்மில் நீங்கள் கைக்காசாகப் போட வேண்டிய பங்கு. 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் அது குற்றம். நீ டிடக்டிபிள் கட்டியதற்கு ஆதாரம் காட்டு என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கலாம், காட்டும்வரை மீதிப் பணத்தை நிறுத்திவைக்கலாம். கைக்காசு போட்டா ஒருவர் உனக்குக் கூரை மாற்றித் தருவார்? பில்லை ஏற்றி எழுதுவார், இல்லையென்றால் மட்டமான சரக்கைப் போடுவார்.

சரி, பணம் எப்படி வரும் என்று பார். பாலிசியின் முதல் பக்கங்களிலேயே காற்று, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள் போட்டிருக்கும். 2 சதவீதம் என்றால் சேதத்தில் 2 சதவீதம் இல்லை, கண்ணு. வீட்டை எவ்வளவுக்கு இன்சூர் செய்திருக்கிறீர்களோ அதில். 4,50,000 டாலர் என்றால் 9,000 டாலர் உங்கள் கையிலிருந்து. நிறையப் பேர் தலையில் கை வைப்பது இங்கேதான்.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் அட்ஜஸ்டர், கூரை மாற்ற 21,000 டாலர் ஆகும் என்று கணக்குப் போடுகிறார் என்று வை. கூரையில் பதித்திருக்கும் பழைய ஷிங்கிள் தகடுகளுக்குத் தேய்மானம் 7,000 கழிப்பார். அப்புறம் உங்கள் 9,000. முதல் செக் 5,000தான் வரும். பதறாதே. உங்களுடையது புதிதாக மாற்றும் விலையைத் தரும் பாலிசி என்றால், வேலை முடிந்து பில் காட்டியதும் அந்த 7,000 வரும். தேய்மானம் போக மட்டும் தரும் பாலிசி என்றால் அது வரவே வராது. பிரீமியம் குறைவு என்று மாப்பிள்ளை போன வருஷம் மாற்றினாரே, அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

அட்ஜஸ்டர் வருவதற்குள் தரையில் நின்றே படம் எடுத்து வையுங்கள்: கூரைத் தண்ணீர் வடியும் கட்டர், ஜன்னல் வலை, ஏசி யூனிட்டின் தகடுகள். கூரை அடிபட்டிருந்தால் இவற்றிலும் பள்ளம் தெரியும். மாடியில் ஒழுகுகிறது என்றாயே, உடனே தார்ப்பாய் போடு, ரசீதை எடுத்து வை. மேலும் சேதமாகாமல் பார்ப்பது பாலிசிப்படி உங்கள் பொறுப்பு. அந்தச் செலவையும் கிளெய்மில் சேர்க்கலாம்.

அட்ஜஸ்டர் வரும் நாளில் உங்கள் ரூஃபரும் கூட இருக்கட்டும். சேதத்தைக் காட்டலாம், விலை சொல்லலாம். உங்கள் சார்பில் கிளெய்மைப் பேசி முடிக்க மட்டும் சட்டம் அவரை விடாது. அது லைசென்ஸ் உள்ள பப்ளிக் அட்ஜஸ்டரின் வேலை. கிளெய்ம் பணத்தில் அவருக்கு 10 சதவீதம் வரை போகும்; உங்கள் கிளெய்முக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

கணக்கில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் படத்தோடு எழுதி மறுபடி பார்க்கச் சொல். கேட்ட காகிதம் எல்லாம் போய்ச் சேர்ந்தபின் 15 வேலை நாளில் ஏற்பதா மறுப்பதா என்று கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது பொதுவான கெடு. இழுத்தடித்தால் டெக்சஸ் இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடு, காசு கேட்கமாட்டார்கள்.

செக்கில் வீட்டுக்கடன் கொடுத்தவர்கள் பெயரும் சேர்ந்து வரலாம். அவர்கள் கையெழுத்துக்கு நாளாகும், இப்போதே கூப்பிட்டுக் கேட்டு வை.

பாலிசியின் அந்தப் பக்கங்களை இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பு, அப்பாவும் பார்க்க வேண்டும் என்கிறார். மாப்பிள்ளையை ஏணியில் ஏறவிடாதே.

அம்மா