மாடியில் கல்வாழைப் படுகை: முதலில் எடை, பிறகுதான் செடி

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் மொட்டை மாடியில் செடிப்படுகை வழியாகச் சுத்திகரித்து ஃபிளஷ் தொட்டிகளுக்குத் திருப்பும் யோசனை உங்கள் பொதுக்குழுவுக்கு வந்தால், தயங்காமல் ஆதரியுங்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த ஊர் இது. நல்ல தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டுவது நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் தரையில் போடும் ஜல்லிப் படுகையை அப்படியே மாடிக்கு ஏற்றிவிடாதீர்கள்.

ஒரு கன மீட்டர் ஜல்லி, தண்ணீர் நிரம்பிய பின் ஏறத்தாழ 1,900 கிலோ. 30 செ.மீ. ஆழம் போட்டால் சதுர மீட்டருக்கு 570 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி) எடுத்துக்கொள்ளும் மேல்சுமையோ சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அதனால் சுட்ட களிமண் உருண்டைகளை 12 செ.மீ. பரப்பி, அதில் 10 செ.மீ. தண்ணீர் நிறுத்துங்கள், செடி, அடியில் நீர் கசியாமல் போடும் விரிப்பு எல்லாம் சேர்த்து 100 கிலோவையொட்டி நிற்கும். நெதர்லாந்தின் டில்பர்க்கில் 9 செ.மீ. படுகையையே கூரையில் அமைத்து ஆய்ந்திருக்கிறார்கள். அதற்காக 150-க்குள் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பழைய மாடிகளில் தட்டோட்டின் மேல் பின்னால் ஒட்டிய டைல்ஸ் அந்தக் கணக்கில் பாதியைத் தின்றிருக்கலாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்டுத் தராமல் ஒரு மூட்டைகூட மேலே போகக் கூடாது.

8 வீடு, 32 பேர் என்றால் ஃபிளஷுக்குத் தலைக்கு 30 லிட்டர் வீதம் நாளுக்குச் சுமார் 1,000 லிட்டர் வேண்டும். உருண்டைகளின் இடைவெளி 40 சதவீதம்; ஆகவே சதுர மீட்டருக்கு 40 லிட்டர்தான் பிடிக்கும். தண்ணீர் 2 நாள் தங்க 50 சதுர மீட்டர் தேவை. கோடையில் நாளுக்கு 7 மி.மீ. ஆவியானால் 350 லிட்டர் காற்றோடு போகும், எனவே 1,350 லிட்டர் ஏற்றுங்கள். மோட்டார் பழுதாகிக் கிடந்தால் ஆறாம் நாள் படுகை வறண்டுவிடும்.

சமையலறைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு படுகையை அடைத்துவிடும். வாஷிங் மெஷின் பஞ்சைப் பிடிக்க நைலான் வலை கட்டி வாரந்தோறும் கழுவுங்கள். மாடிக்கு ஏற்றுமுன் தண்ணீரைச் சேர்க்கும் கீழ்த்தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். தண்ணீர் நுழையும் ஓரத்தில் உருண்டைகள் மேல் கறுப்பாக வழுவழுவென்று படிந்து, தண்ணீர் மேலே தெரிகிறதா? அடைப்பு தொடங்கிவிட்டது. அந்த அரை மீட்டரை மட்டும் அள்ளி அலசிப் போடுங்கள். தண்ணீர் மட்டம் எப்போதும் மேற்பரப்புக்கு 2 செ.மீ. கீழே இருக்கட்டும். மேலே தேங்கினால் கொசு முட்டையிடும்.

கல்வாழை, சேம்பு நல்லவை. நாணலும் சம்பங்கோரையும் வேண்டாம், கூரான கிழங்குவேர் விரிப்பைத் துளைக்கும். விரிப்பு போட்டதும் 3 நாள் தண்ணீர் தேக்கி ஒழுகலைப் பாருங்கள்.

ஐப்பசி மழையில் படுகை வழியும். அந்த வழிநீர்க் குழாயைச் சாக்கடையோடு சேருங்கள். மழைநீர்க் கிணற்றுக்கு விட்டால் நிலத்தடி நீர் கெடும். சுத்திகரித்த நீருக்குக் குளோரின் போட்டு, தனி நிறக் குழாயில் விடுங்கள். குடிநீர்க் குழாயோடு அது எங்கும் சேரக் கூடாது.

தீர்மானம் போடுவதற்கு முன் பிளம்பரை அழைத்துக் கேளுங்கள்: குளியலறைக் குழாயும் கழிப்பறைக் குழாயும் தனித்தனியே இறங்குகின்றனவா? ஒரே குழாயென்றால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும். படுகையைவிட அதற்கே கூடுதல் செலவாகலாம். மதிப்பீட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர்ப் பொறியாளர்கள் சிலர்