செயலாளரின் ஆண்டறிக்கை 2025–2026: அனுமன்தீர்த்தம் முதல் தீர்த்தமலை வரை புரட்டாசி நடைப்பயணம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, அரூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

விசுவாவசு ஆண்டில் செயற்குழு வழக்கம்போல் கூடியது. சந்தா நிலுவை பெரிதாக இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இம்மூன்றையும் இத்துடன் நிறுத்திக்கொண்டு, இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தையும் பேச்சையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட பொருளுக்கு, அதாவது வரும் பராபவ ஆண்டுப் புரட்டாசியில் அனுமன்தீர்த்தத்திலிருந்து, மலைமேல் சிவன் கோயில் உள்ள தீர்த்தமலைக்கு நடந்து செல்லும் திட்டத்துக்கு, வருகிறேன்.

நம் உறுப்பினர்களில் பலர் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குச் சென்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள். நடை நமக்குப் புதிதன்று. ஆயினும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் தீர்த்தமலைக்கு நாம் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் போய் வருகிறோமே தவிர, பழைய முறைப்படி நடந்து சென்று வழிபடுவதில்லை என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துரைத்ததும், அதைச் செயற்குழு ஆராயும்படி தீர்மானம் நிறைவேறியதும் தங்களுக்கு நினைவிருக்கும்.

எங்கிருந்து நடக்கத் தொடங்குவது என்பதே முதலில் எழுந்த கேள்வி. அரூரிலிருந்தே புறப்படலாம், பேருந்து நிலையத்தில் கூடுவது எல்லோருக்கும் வசதி, தூரமும் பதினாறு கிலோமீட்டர்தான் என்று ஒரு சாரார் கூறினர். வசதியை மட்டும் பார்த்தால் அதுவே சரி. ஆனால் இத்தலத்தின் வழிபாட்டு முறை ஆற்றில் தொடங்கி மலையில் முடிகிறது. இராமபிரான் தம் காலை வழிபாட்டுக்குக் கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்றும், அனுமன் வரக் காலம் தாழ்ந்ததால் மலைப்பாறையில் அம்பு எய்து ஊற்றை வரவழைத்து வழிபாட்டை முடித்தார் என்றும், பின்னர் வந்து சேர்ந்த அனுமன் தான் கொணர்ந்த நீர் பயன்படாத வருத்தத்தில் அதை வீசியெறிய, அது விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம் ஆயிற்று என்றும் தலவரலாறு கூறுவதை நாம் அறிவோம். வீசப்பட்ட நீரே முதலில் ஆட வேண்டிய நீர், அதன் பிறகுதான் மலைமேல் இராம தீர்த்தம் என்று நம் முன்னோர் வரிசை வகுத்தார்கள். அனுமனின் மனத்தாங்கலை ஆற்றுவதற்காக வகுத்த வரிசை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வரிசையை விட்டுவிட்டு அரூரிலிருந்து நடந்தால் அது நல்ல உடற்பயிற்சியாக இருக்குமே ஒழிய யாத்திரையாக இராது என்ற கருத்தைச் செயற்குழு பெரும்பான்மையாக ஏற்றது. எனவே அதிகாலையில் அரூரிலிருந்து வாகனத்தில் அனுமன்தீர்த்தம் சென்று, ஆற்றில் நீராடி, அங்குள்ள அனுமந்தீசுவரரை வணங்கிவிட்டு, அங்கிருந்து நடப்பது என்று முடிவாயிற்று. ஒரு முற்பகலுக்குள் நடந்து முடிக்கக்கூடிய தொலைவே அது.

நாள் குறிப்பதில்தான் அதிக நேரம் செலவாயிற்று. பயணம் சிவத்தலத்துக்கு என்பதால் கார்த்திகையே பொருத்தம் என்று சிலர் வற்புறுத்தினர். அவர்களுக்கு 2024 டிசம்பர் தொடக்கத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரி நீர் சாலையில் பாய்ந்து, நிறுத்தி வைத்திருந்த வாகனங்களை அடித்துச் சென்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். அது கார்த்திகை மாதத்தில் நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் அப்படிப் பெய்யாதுதான்; ஆயினும் வயதானவர்களையும் சிறுவர்களையும் ஆற்றங்கரையில் இறக்கிவிடும் பொறுப்புள்ள சங்கம் அந்த மாதத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால் ஐப்பசியும் விலக்கப்பட்டது. ஆடிப்பெருக்கன்று அனுமன்தீர்த்தத்தில் கூடும் கூட்டத்தில் ஒரு குழுவாகச் சேர்ந்து நடப்பது இயலாது. மாசி மகத் தேர்த்திருவிழாவின்போது தீர்த்தமலையிலும் அதே நிலைமை. மிஞ்சியது புரட்டாசி.

புரட்டாசியிலும் மழை உண்டு. ஆனால் நம் பக்கத்தில் அது பெரும்பாலும் பிற்பகலில் கருத்து, மாலையில் இடியுடன் பெய்யும் மழை. காலையில் தொடங்கி நண்பகலுக்குள் மலையடி சேர்ந்துவிட்டால் அதிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். சனிக்கிழமைகளை விட்டுவிட்டோம், ஏனெனில் அன்று வீட்டில் பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கும் குடும்பங்கள் வர இயலாது. அக்டோபர் 10 மஹாளய அமாவாசை, அதுவும் சனிக்கிழமையில் வருகிறது. தர்ப்பணம் கொடுக்க வருவோர் நிறைந்திருக்கும் கரையில் அன்று நமக்கு வேலையில்லை. ஆகவே 2026 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. தேய்பிறை அரைநிலா அன்று விடியலுக்கு முன் உச்சியை நெருங்கி நிற்கும் என்பதால், மேகம் மறைக்காவிட்டால் ஆற்றங்கரையில் இறங்குவதற்கு அந்த வெளிச்சமும் துணை செய்யும். அன்று அஷ்டமியும் நவமியும் சந்திக்கும் நாள், அதுவும் மஹாளய பட்சம் என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார். முன்னோரை நினைத்து நீராடுவதற்கு அந்தப் பட்சமே உகந்தது என்றும், இராமர் அம்பெய்த மலைக்குப் போகிறவர்கள் இராமர் பிறந்த திதிக்கு அஞ்ச வேண்டாம் என்றும் தலைவர் விளக்கமளித்ததைப் பதிவு செய்கிறேன். ஆட்சேபித்தவரும் சிரித்துக்கொண்டே பெயர் கொடுத்துவிட்டார்.

அடுத்தது ஆறு. நந்தி மலையில் பிறந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை வழியாகவும் கிருஷ்ணகிரி அணை வழியாகவும் வரும் தென்பெண்ணையில் எப்போது எவ்வளவு நீர் வரும் என்பது நம் வானத்தை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. கர்நாடகத்தில் பெய்யும் மழையையும் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அணையின் முழு உயரம் 52 அடி. அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படும். அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தால் அன்று ஒருவரும் ஆற்றில் இறங்கக் கூடாது. கரையிலிருந்து குடத்தில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு புறப்பட வேண்டும். இது வேண்டுகோள் அன்று, விதி. நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று சேர்க்கும்படி மகளிர் பிரிவினர் வற்புறுத்தினார்கள், சேர்த்திருக்கிறோம். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்துவிட்டு ஆற்று நீரில் இறங்கவே தயங்குகிறவர்களும் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அனுமதி பற்றிச் சிறு விளக்கம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்திலிருந்து, 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. இதன் விளைவாக, நாம் நீராடும் அனுமன்தீர்த்தம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்திலும், சென்று சேரும் தீர்த்தமலை தருமபுரி மாவட்டத்தின் அரூர் வட்டத்திலும் இருக்கின்றன. அனுமன் வீசிய நீர் எந்த மாவட்டத்தில் விழுந்தது என்று கேட்டு யாரும் நம்மைத் தடுக்கப்போவதில்லை. எனினும் இரு மாவட்டக் காவல்துறைக்கும், இந்து சமய அறநிலையத் துறையின் கோயில் அலுவலகத்துக்கும் தனித்தனியே கடிதம் கொடுப்பது என முடிவு செய்து, வரைவைத் தயாரித்திருக்கிறோம். இன்றைய தீர்மான நகலை இணைத்து அனுப்புவதே எஞ்சியுள்ளது.

சாலையில் நடப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரிவலப் பாதையில் பழகியவர்கள், நடைபாதையும் விளக்கும் சில அடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் எங்கும் இருக்கும் என்று எண்ணிவிடுவார்கள். இந்தப் பாதையில் அவை எதுவும் இல்லை. சாலை ஊர்களுக்கிடையே வளைந்து செல்கிறது, ஞாயிற்றுக்கிழமையாயினும் வேன்களும் டிராக்டர்களும் வரும். எனவே எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி சாலையின் வலப்புறமாக, இருவர் இருவராக நடக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் செல்லும் தொண்டர்கள் ஒளிரும் பட்டை ஒட்டிய மேற்சட்டை அணிவார்கள். ஆறு மணியளவில் சூரியன் உதிக்கும். நீராடலும் வழிபாடும் முடிந்து ஆறரைக்குள் நடை தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும் என்பதால், செருப்பில்லாமல் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் தவிர மற்றவர்கள் செருப்போ ஷூவோ அணிந்து வரலாம், அதனால் புண்ணியம் குறையாது. புதுச் செருப்பை மட்டும் அன்று முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வராதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் துணி சுற்றிக்கொண்டு, பின்னால் வரும் வேனில் ஏறிவிடலாம்.

உணவுக் குழுவின் பரிந்துரையைச் செயற்குழு சிறு திருத்தத்துடன் ஏற்றது. பாதி வழியில் கேழ்வரகுக் கூழும் மோரும் சின்ன வெங்காயமும், மலையடிவாரத்தில் தயிர்சாதமும் புளியோதரையும் தரப்படும். புரட்டாசி விரதம் இருப்போர் பலர் என்பதால் வெங்காயத்தைத் தனித் தட்டில் வைப்பதே அந்தத் திருத்தம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. நம் பந்தியில் பாக்குமட்டைத் தட்டும் மந்தாரை இலையும் மட்டுமே இருக்கும். ஒவ்வொருவரும் சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலும் டம்ளரும் கொண்டுவர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்த கரைசல் வேனில் தயாராக இருக்கும். மயக்கமோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தயங்காமல் 108-ஐ அழைக்கும் பொறுப்பு அருகில் இருக்கும் எவருக்கும் உண்டு, செயலாளரைத் தேட வேண்டாம்.

மலையடியில் ஒரு கோயில் இருப்பதால், ஏற இயலாதவர்கள் அங்கேயே வழிபட்டு இளைப்பாறலாம். ஏறுகிறவர்கள் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதீர்கள். படியோரம் அமர்ந்திருக்கும் குரங்குகளுக்கு மஞ்சப்பை என்றால் வாழைப்பழம் என்றே பொருள். தேங்காய் பழத் தட்டைத் துணியால் மூடி இருவருக்கு நடுவில் ஒருவர் கொண்டுசெல்வது என்று ஏற்பாடு. மேலே இராம தீர்த்தத்தில், பாறையிடுக்கிலிருந்து நீர் மெல்லிய தாரையாக விழுகிறது. காற்றடித்தால் அந்தத் தாரை ஒரு பக்கம் சாய்ந்து, கீழே தலையைக் கொடுத்து நிற்பவரை விட்டுவிட்டு வரிசையில் காத்திருப்பவரை நனைக்கும். ஆகவே ஆளுக்குச் சற்று நேரம் ஆகத்தான் செய்யும். முண்டியடிப்பதைத் தவிர்க்க, மூத்தோரும் குழந்தைகளும் முதலில், மற்றவர்கள் பின்னர் என்று வரிசை அமையும். குமார, கௌரி, அகத்தியர், அக்னி தீர்த்தங்களையும் வழிபட்டு, அருணகிரிநாதர் இத்தலத்தைப் பாடியிருப்பதால் முருகன் சந்நிதியில் அத்திருப்புகழை ஓதி, பிற்பகல் மழை கூடுமுன் இறங்கிவிட வேண்டும்.

திரும்புவதற்குத் தனி வாகனம் அமர்த்தப்படவில்லை. பேருந்து போதும் என்பதே செயற்குழுவின் முடிவு. கட்டணமில்லாப் பயணம் உள்ள நகரப் பேருந்து அமைந்தால் மகளிருக்கு அந்தச் செலவும் இல்லை. நன்கொடையாக அரிசி, கேழ்வரகு, மோருக்குத் தயிர் தர முன்வந்திருக்கும் உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இனிப் பணமாகத் தர விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் மட்டும் தந்து இரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

வருகிறவர்கள் விநாயகர் சதுர்த்தியான செப்டம்பர் 14-க்குள் பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய உறவினரின் தொலைபேசி எண், தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று காலை அரூரில் வாகனம் புறப்படும் நேரம் நான்கரை மணி. இத்திட்டத்துக்கும் நாளுக்கும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்து, இவ்வறிக்கையைத் தங்கள் முன் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
அரூர்