மிசினும் போச்சு, காசும் போச்சு

மச்சான்,

நாலு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ வில்லங்கம் என்று உனக்கே விளங்கியிருக்கும். வீட்டில் எல்லோரும் சுகம். சோதி இன்னும் அதே மோட்டார் சைக்கிளைத்தான் தள்ளிக்கொண்டு திரிகிறான்.

கச்சான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மிசின் தேவைப்பட்டது. பரந்தனில் புதுசுக்கு விலை கேட்டுத் தலை சுற்றியது. இணையத்தில் ஒன்று ஏலத்துக்கு வர, இரவு பதினொன்றரைக்கு, மனிசிக்குத் தெரியாமல் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கேட்டேன். நான் ஐந்நூறு கூட்ட இன்னொருவன் ஐந்நூறு கூட்ட, கடைசியில் 38,500க்கு எனக்கு விழுந்தது. அந்த இன்னொருவனும் விற்றவனேதான் என்று இப்போது தோன்றுகிறது. சிரிக்காதே, மாங்குளத்துக் கடாவை ஏலத்தில் எடுத்தவன் நீ.

ஆறு வாரம் நன்றாக இறைத்தேன். பிறகு ஒரு விடிய பொலிஸோடு ஒரு வயதானவர் வந்தார். மிசினின் கால்சட்டத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, "இது என்ர மகன் வெல்டிங் பழகின நேரம் ஒட்டினது, கோணல்" என்றார். கோணல்தான். பற்றுச்சீட்டும் வைத்திருந்தார்.

கிளிநொச்சிச் சட்டத்தரணியிடம் ஓடினேன். நீ இருக்கிற இங்கிலாந்தின் 1893 சட்டத்தைப் பார்த்து இங்கே 1896 இல் பொருள் விற்பனைச் சட்டம் போட்டார்களாம். திருடனுக்கு இல்லாத உரிமையை அவன் எனக்குத் தர முடியாது, நான் காசு கொடுத்தது கணக்கில்லை. அந்த வயதானவரை ஏமாற்றி, செல்லாத காசோலை கொடுத்து வாங்கியவன் எனக்கு விற்றிருந்தால் கதை வேறு: அவர் அந்த விற்பனையை ரத்துச் செய்யுமுன் நான் தெரியாமல் வாங்கியிருந்தால் மிசின் எனக்கே. இங்கிலாந்தில் 1994 சட்டம் வரும்வரை, பட்டப்பகலில் திறந்த சந்தையில் கள்ளமில்லாமல் வாங்கினால் திருட்டுச் சாமானும் வாங்கினவனுக்குத்தானாம். நான் போர்வைக்குள் வாங்கினவன், அங்கேயும் தோற்றிருப்பேன்.

மிசினை யாரிடம் கொடுப்பது என்று நீதவான் கட்டளையிடுவார். என் காசுக்கு விற்றவன் மேல்தான் வழக்குப் போட வேண்டும், அவன் போன் செத்துக் கிடக்கிறது. என்னை உள்ளே போடவில்லை. வங்கிச் சிட்டையும் அவனோடு பேசின செய்திகளும் அழிக்காமல் இருந்தன. தண்டனைச் சட்டக்கோவை 394 இன்படி திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினாலோ வைத்திருந்தாலோதான் குற்றம்.

'நம்பக் காரணம்.' அதுதான் மச்சான் நித்திரையைக் கெடுக்கிறது. இலக்கத் தகடு இருந்த இடம் அரத்தால் ராவியிருந்தது. கொண்டுவந்து இறக்கின அன்றே விரலால் தடவிப் பார்த்தேன், சொரசொரவென்றிருந்தது. பழைய சாமான், தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொலிஸ் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து 2010 இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது உன் அம்மாவின் தையல் மிசினை இன்னொரு வீட்டு விறாந்தையில் கண்டோமே. அந்தப் பெண்ணும் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்றாள். நான் சண்டைக்குப் போக, அம்மா பெடலை ஒருக்கால் மிதித்துப் பார்த்துவிட்டு "வா தம்பி, போவம்" என்றார். ஏன் விட்டுவிட்டு வந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நீ கேட்டு எழுது.

இப்போது வாளியால் அள்ளி ஊற்றுகிறேன், நாரி முறிகிறது. காசு அனுப்பவா என்று மட்டும் கேட்காதே.

உன்,
மொட்டையன்