வாசித்ததைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள டீச்சர், அத்தை, மாடிவீட்டுத் தாத்தா, நூலகர் சார், எதிர்வீட்டுத் தங்கச்சி, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தனித்தனியே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் நான் மட்டும்தான். அது உங்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

என் மகள் பாப்பா இரண்டாம் வகுப்பிலேயே தடங்கல் இல்லாமல் வாசித்தாள். எழுத்துக்கூட்டும் கட்டமெல்லாம் தாண்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். புத்தகத்தை மூடிவிட்டு "கதையில என்ன நடந்துச்சு?" என்றால் மட்டும் விழிப்பாள். பாடத்தின் கடைசியில் வரும் கேள்விகளுக்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டீச்சர், அதைக் கண்டுபிடித்தது நீங்கள். "அண்ணன் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வந்தான்" என்ற ஒரே ஒரு வரியை வாசிக்கச் சொன்னீர்கள். "வெளியில என்னம்மா நடக்குது?" என்று கேட்டீர்கள். "குடை இருக்கு" என்றாள். மழை என்ற சொல் அந்த வரியில் இல்லை. இல்லாத சொல்லை அவள் எங்கே போய்த் தேடுவாள்? அவளைத் திருத்தாமல், "ஏன் குடையை மடக்கினான்? கால் ஏன் ஈரமா இருக்கு?" என்று மெதுவாகக் கூட்டிப்போனீர்கள். "மழை!" என்று அவள் கத்தியபோது உங்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

அதோடு விடவில்லை நீங்கள். 1986இல் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன கணக்கை எனக்கு விளக்கினீர்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரியும் திறன். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். குழந்தைக்கு எது குறைவு என்று தெரிந்துகொள்ள, அவளை வாசிக்கச் சொல்லாமல் அதே பத்தியை நாமே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால் போதும் என்றீர்கள். கேட்கும்போது புரிந்தால் சிக்கல் எழுத்தில். கேட்டும் புரியாவிட்டால் மொழியில் என்றீர்கள். வீட்டில் செய்து பார்த்தேன். பேச்சு வழக்கில் சொன்னால் எல்லாம் புரிந்தது. புத்தகத்தில் இருக்கும்படியே வாசித்தால் பாதி போய்விட்டது. நாம் பேசும் தமிழுக்கும் அச்சில் இருக்கும் தமிழுக்கும் இடையில் இருக்கும் தூரத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை, அந்தத் தூரத்தைக் குறைத்தது உங்கள் குரல். தினமும் படுக்கும் முன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அச்சில் உள்ளபடியே வாசித்தீர்கள். "விரைந்து சென்றனர்" என்றால் "விரைந்து சென்றனர்"தான். அப்புறம் நிறுத்தி, "வேகமா ஓடிட்டாங்களாம்டி" என்று உங்கள் பேச்சில் ஒரு தடவை. கொஞ்ச நாளில் நீங்கள் சொல்வதற்கு முன்பே அவள் சொல்ல ஆரம்பித்தாள். அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது இன்னொன்று. வாசித்துக்கொண்டிருக்கும்போதே, "இரு, இவ எதுக்குத் திரும்பிப் போறா? எனக்குப் புரியலையே, மேல ஒரு தடவை பாத்துடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மேலே உள்ள பத்திக்குப் போவீர்கள். பெரியவர்களுக்கும் சில இடங்களில் புரியாமல் போகும், புரியாத இடத்தில் திரும்பிப் போகலாம் என்பது குழந்தைக்கு அப்படித்தான் தெரிந்தது. இப்போது தனியாக வாசிக்கும்போதும் தானே நின்று மேலே போகிறாள். எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதை அவளுக்குக் கொடுத்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். அவை குழந்தைக்குப் புரிந்ததா என்று கேட்கும். புரிந்துகொள்வது எப்படி என்று காட்டாது.

தாத்தா, நீங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பறவைகளைப் பற்றித்தான் பேசினீர்கள். கூடு, அலகு, வலசை என்று வாரக்கணக்கில் அதே பேச்சு. வடதுருவப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு தென்துருவக் கடல்வரை பறந்து போய்த் திரும்பும் ஆர்க்டிக் ஆலாவுக்காக உலக வரைபடத்தையே தரையில் விரித்தீர்கள். பிறகு வலசை பற்றிய ஒரு கட்டுரை கையில் கிடைத்தபோது, அவள் வயதுக்குக் கொஞ்சம் கடினமான நடைதான், சரளமாகப் புரிந்துகொண்டாள். இதைக் கேட்டதும் டீச்சர் 1988இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதை நன்றாக நினைவில் வைத்துச் சொன்னார்களாம். ஒரே பொருளைப் பற்றி அடுத்தடுத்துப் பேசுவதும் வாசிப்பதும் ஏன் பலன் தருகிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைப் படிக்காமலேயே செய்தவர் நீங்கள்.

நூலகர் சார், படம் நிறைந்த சின்னப் புத்தகங்களை அவள் எடுத்தபோது "இது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று ஒருநாளும் சொல்லவில்லை நீங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் சிரித்தபடியே கொடுத்தீர்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியாவிட்டால் அதை அம்மாவோடு சேர்ந்து வாசி, மற்றதைத் தனியாக வாசி என்று நீங்கள் சொன்னதை இன்றுவரை விரல் மடக்கிப் பார்த்துச் செய்கிறாள்.

தங்கச்சி, ஆசிரியர் பயிற்சியில் படித்ததை எங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு வந்தாய். பாலின்சர், பிரவுன் என்ற இருவர் 1984இல் எழுதிய முறை அது. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவாக்குவது, சுருக்கிச் சொல்வது என நான்கு வேலைகள். நீ மாணவி, அவள் டீச்சர். "ஏன்"னு தொடங்குற கேள்விதான் கேட்கணும் என்று நீ வைத்த ஒற்றை நிபந்தனை எல்லாவற்றையும் மாற்றியது. வரியைத் தேடி எடுத்து எழுதும் பழைய வழி அங்கே எடுபடவில்லை. கேள்வி கேட்க வேண்டுமானால் கதைக்குள் போயாக வேண்டும். போனாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுவாய் இல்லாமல் வரும் நீண்ட வாக்கியங்களில் யார் செய்தார் என்று இன்னும் குழம்புகிறாள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்லும் பாத்திரங்களை அப்படியே நம்பிவிடுகிறாள். பாட்டும் கவிதையும் இன்னும் பிடிபடவில்லை. அதனால் உங்களை இப்போதைக்கு விடுவதாக இல்லை. அத்தை, அடுத்த புத்தகத்தை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். தாத்தா, பறவைகள் முடிந்து கடல் நீரோட்டங்களுக்கு வந்துவிட்டாள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் ஒதுக்கி வையுங்கள்.

மனம் நிறைந்த நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா