வந்து உட்கார்ந்திருப்பாள்

அன்புள்ள எல்லோருக்கும்,

என் வேலை போனதும் அதற்குப் பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தவர்களே நீங்கள்தான். அதை மறுபடி சொல்லி யாரையும் அழவைக்கப் போவதில்லை. நேற்று ராத்திரி, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, படுத்ததும் தூங்கிவிட்டேன். எழுந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

நடுச்சாமத்தில் போனை எடுத்தவர்கள், எனக்காகக் கடிதம் எழுதி அலைந்தவர், கடன் கொடுத்துவிட்டு எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்காதவர், நான் கதவைத் திறக்காத நாட்களில் வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனவர்கள்... பெயர் போட்டால் திட்டுவீர்கள். எல்லோருக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு.

தோழியின் அம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவர் வீட்டில் உறவினர் கூட்டம். தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். ஜன்னலோரத்து மர நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டேன். அதற்கு ஒரு கால் குட்டை. அடியில் மடித்து வைத்திருக்கும் அட்டை நகர்ந்துவிட்டால் டக் டக்கென்று ஆடும். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருந்தேன். பதவி, விருது, எனக்குக் கீழே எத்தனை பேர் என்று வரிசையாக வரும். இப்போது அதில் ஒரு சொல்கூட மிச்சமில்லை.

அம்மா கையிலிருந்த துண்டை உதறி மடித்துக்கொண்டே சொன்னார், "இவ நம்ம வீட்டுக்கு வருவா."

"அது சரி, என்ன பண்றா?"

"வந்து உக்காந்திருப்பா."

பெரியவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். அம்மா அடுத்த துண்டை எடுத்தார்.

"பெரிய வேலையில இருந்தா" என்று அவர் சமாளித்திருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் என்னைக் காப்பாற்றினார்கள், அன்பாகத்தான். ஆனால் அந்த "இருந்தா" ஒவ்வொரு தடவையும் குத்தும். "வருவா, உக்காந்திருப்பா" என்பதில் அந்த முள் இல்லை. வழக்கமாக வருகிறவள் என்று அர்த்தம். இனிமேலும் வருவாள் என்றும் அர்த்தம். அன்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மாவுக்கு இது தெரியாது.

நான் பார்க்கும் மனநல ஆலோசகரும் இதைத்தான் வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குத்தான் ஏறவில்லை. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் சொன்னாராம்: செய்த காரியத்துக்கு மார்க் போடு, செய்த ஆளுக்குப் போடாதே. ஜெயித்தபோது உன்னைத் தூக்கிக் காட்டிய அதே தராசுதான் தோற்றபோது கீழே இறக்கும். மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மாணவர்களை ஜெனிஃபர் கிராக்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டதையும் அவர்தான் சொன்னார். இடம் கிடைத்த நாளில் சுயமதிப்பு ஏறுகிறது, மறுப்பு வந்த நாளில் இறங்குகிறது. படிப்பை வைத்தே தன்னை எடை போடுகிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் அதிகம். கேட்டபோது சிரிப்புதான் வந்தது. ஏறிக்கொண்டிருந்த இருபது வருஷத்தில் இது ஒரு பிரச்சினை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதைப் படித்துவிட்டு நான் ஞானியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் துள்ளுவேன், நாலு பேர் பாராட்டினால் இன்னும் பிடிக்கும். ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். புதிதாக யாரைப் பார்த்தாலும் "என்ன பண்றீங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்க மாட்டேன். வேறு எதைக் கேட்பது என்று இன்னும் பிடிபடவில்லை. "சாப்பிட்டீங்களா?" இருக்கவே இருக்கிறது.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்களுக்குக் கைமாறாக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நாற்காலிக் காலைச் சரிசெய்து கொடுக்கலாம் என்று ஒரு தச்சரிடம் பேசியும் விட்டேன். அப்புறம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஆடட்டும். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவள்