எஞ்சினை அவிழ்ப்பதற்கு முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் சந்தோஷம். அவளுக்கு மூன்று வரி, மோட்டார் சைக்கிளின் ஆயில் கசிவுக்கு இரண்டு பக்கம் என்று எழுதியிருக்கிறாய் பார், நீ மாறவே இல்லை! இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால்தான் தகராறு. தரையில் உட்கார முடிவதில்லை என்பதால் ஒரு குட்டை ஸ்டூல் போட்டுக்கொண்டு வண்டி வேலை பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினை இறக்கி, இணைப்புகளுக்கு நடுவே வைக்கிற கேஸ்கட் எல்லாவற்றையும் மாற்றப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. ஆயில் சொட்டுகிற இடம் ஒன்று, அது வெளியே வருகிற இடம் வேறொன்று. நிற்கும்போது கீழே வழியும், ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். மேலே டேப்பட் மூடியில் கசிந்த ஆயில், சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளுக்கு நடுவே இறங்கி, எஞ்சினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸ் அடியில் வந்து சொட்டும். நாம் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். நனைந்த பகுதியில் எது எல்லாவற்றையும்விட மேலே, முன்பக்கமாக இருக்கிறதோ அங்கிருந்து தேடு.

அதற்கு முதலில் எஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டும். ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இணைப்புகளில் முகப்பவுடரைத் தூவு. ஒரு சின்னச் சுற்றுப் போய்விட்டு வந்து டார்ச் அடித்துப் பார். பவுடரில் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஆள். அப்புறம், அது எஞ்சின் ஆயில்தானா என்பதையும் பார்த்துக்கொள். செயின் ஓடும் ஸ்பிராக்கெட் பற்சக்கரத்தின் மூடிக்குள் தேங்கும் கறுப்புப் பிசுக்கு பாதி நேரம் செயினுக்குப் போட்ட எண்ணெயாகத்தான் இருக்கும்.

உன் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. போன தடவை கிளட்ச் பக்கம் கசிந்தது, அதைச் சரிசெய்ததும் மேக்னெட் பக்கம் ஆரம்பித்தது என்கிறாய். இப்படிக் கசிவு இடம் மாறிக்கொண்டே இருந்தால் கேஸ்கட்டை விட்டுவிட்டு பிரீதரைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் கிராங்க்கேஸில் இருக்கும் காற்று அமுங்குகிறது. உன்னுடையது ஒற்றை சிலிண்டர் 350 சிசி. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட அந்த 350 சிசி அளவுக்குக் காற்று இடம் தேடி அலையும். அது வெளியேறும் வழி பிரீதர் குழாய். குழாய் மடங்கியிருந்தாலோ, கசடு அடைத்திருந்தாலோ, அதன் வால்வு ஒட்டிக்கொண்டாலோ, உள்ளே ஏறும் அழுத்தம் எந்த சீல் (ஆயிலை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம்) சொத்தையோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அதை அடைத்தால் அடுத்த சொத்தை. குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தால் அடைப்பு தெரிந்துவிடும்.

பிரீதர் நன்றாக இருந்தும் ஆயில் ஊற்றும் வாய் வழியாகப் புகை பலமாக வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை, அளந்து பார். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அள. அளவு கூடினால் ரிங்தான். அதற்கு மட்டும் நீ நினைத்தபடி எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆயில் அளவையும் பார். பழைய வண்டிகளில் ராத்திரி பெட்ரோல் டேப்பை மூட மறந்தால், கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தாண்டி ஆயிலோடு கலந்துவிடும். அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் ஸ்டார்ட் செய்யாதே. டேப்பையும் ஊசியையும் சரிசெய்து ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மறு வேலை.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் ஒழுகும் என்ற கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் கிராங்க்கேஸைச் செங்குத்தாகப் பிளந்து பொருத்தியது. ஆயில் தேங்கும் அடிப்பகுதி வழியாகவே இணைப்பு போகும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750 போன்றவற்றில் பிளவு கிடைமட்டமாக, ஆயில் மட்டத்துக்கு மேலே இருந்தது. உன் வண்டி முதல் வகை. அடியில் லேசாக வியர்த்தால் துடைத்துவிட்டு ஓட்டு, அதற்காக எஞ்சினைப் பிரிக்காதே. ஆனால் ஸ்பிராக்கெட் பக்க சீல் ஒழுகினால் விட்டுவைக்காதே, அது பின் டயரில்தான் போய் விழும். முன் ஃபோர்க் சீலும் அப்படித்தான், பிரேக் பக்கம் இறங்கிவிடும்.

சீல் மாற்றும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டின் பற்கள் மேல் ஒட்டும் டேப் சுற்றிவிட்டு நுழைத்தால் கிழியாது. ஷாஃப்ட்டில் பழைய சீல் பள்ளம் போட்டிருந்தால், இடமிருக்கிற பட்சத்தில், புதியதை ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வை. டிரெயின் போல்ட்டின் செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும், ஒரு தடவை கூடப் பயன்படும்.

சிலிக்கான் பேஸ்ட்டை மட்டும் தாராளமாக அப்பாதே, எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் வலையில் போய் அடைக்கும். கேஸ்கட் இருக்கும் இடத்தில் கேஸ்கட்டே போதும். இரண்டு முகமும் சுத்தமாக, சமமாக இருந்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் படிப்படியாக முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. உன் கைப்பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

பவுடர் போட்டுப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் நனைந்தது, பிரீதரில் காற்று போனதா என்று எழுது. சீலைக் கழற்ற வேண்டிவந்தால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களையும் குறித்து அனுப்பு. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அது இருந்தால் போதும், இங்கேயே தேடி வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரங்கன்